வெயில் அடிக்கிறதே என்று கிளம்பிவிடாதீர்கள்

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பது நம்மூர்க் கணக்கு. அது மேலிருந்து சத்தமில்லாமல் இறங்குகிற பனி. அமெரிக்காவின் வட டகோட்டாவில் பனி இறங்குவதைவிட ஓடுவதுதான் அதிகம். சலித்த மாவுபோல நுண்மையாக, தரையோடு தரையாக, வடமேற்கிலிருந்து மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். சாலையின் குறுக்கே அது பாம்புபோல் நெளிந்து போவதை முதன்முறை பார்த்தபோது காரை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் படம் பிடித்தேன். கூட வந்த உள்ளூர் நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, "அடுத்த முறை தொப்பி போட்டுக்கொண்டு இறங்குங்கள்" என்றார். காது இரண்டும் மரத்துப்போயிருந்தன.

அதன்பின் அந்த மாநிலத்தின் ஃபார்கோ நகரில் சில குளிர்காலங்களைக் கழித்ததில் ஒன்று புரிந்தது. பனிப்புயல் வீசுகிற நாளில் மக்கள் அவ்வளவாகத் தவறு செய்வதில்லை. கதவைத் திறந்தாலே புத்தி வந்துவிடும். தவறெல்லாம் அதற்கு முந்தின நாளிலும், புயல் ஓய்ந்து பளிச்சென்று வெயில் அடிக்கிற நாளிலும்தான் நடக்கிறது. அந்த ஊரின் ஒரு மோசமான வாரத்துக்கு ஒரு வடிவம் உண்டு: இதமான ஒரு நாள், புயல், நீலவானம், அதன்கீழ் கொடுங்குளிர், மறுபடி காற்று. ஒவ்வொரு நாளுக்கும் அதற்குரிய தவறு இருக்கிறது.

"இன்று நன்றாகத்தானே இருக்கிறது"

1888 ஜனவரி 12, வியாழக்கிழமை. முந்தைய நாட்களில் கடுங்குளிர். அன்று காலை மட்டும் இதமாக விடிந்தது. டகோட்டா பிரதேசத்திலும் நெப்ராஸ்காவிலும் குடியேறியிருந்த விவசாயிகள் மாடுகளை வெளியே ஓட்டினார்கள். பிள்ளைகள் கனத்த மேலாடை இல்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். பல ஊர்களில் பள்ளி விடும் நேரத்தை ஒட்டிப் புயல் வந்து மோதியது. நீட்டிய கை தெரியாத வெண்மை. வெப்பநிலை சரசரவென்று இறங்கியது. அந்தப் புயலில் 235 பேர் இறந்ததாகச் சொல்லப்படும் கணக்கில் பள்ளிப்பிள்ளைகள் நிறையப் பேர். வரலாற்றில் அதற்குப் பெயரே பள்ளிக்கூடப் பனிப்புயல். இருந்த இடத்திலேயே அடுப்பை மூட்டிக்கொண்டு இரவைக் கழித்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். 'வீடு பக்கம்தானே' என்று நடந்தவர்களில் பலர் வீட்டுக்கு வெகு அருகிலேயே கிடந்தார்கள்.

1940 நவம்பர் 11 அன்றும் இதே கதைதான். முதல் உலகப்போர் முடிந்த நினைவுநாள் விடுமுறை. நவம்பருக்குப் பொருந்தாத கதகதப்பு. மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்கு வாத்து வேட்டைக்குப் போனவர்கள் மெல்லிய சட்டையோடு போனார்கள். அன்று வாத்துகள் கூட்டங்கூட்டமாக, தாழப் பறந்து வந்தன. வேட்டைக்காரர்கள் அதிர்ஷ்டம் என்று மகிழ்ந்தார்கள். வாத்துகள் புயலுக்கு முன்னால் தப்பி ஓடிக்கொண்டிருந்தன. பல மாநிலங்களில் 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மினசோட்டாவில் இறந்த 49 பேரில் ஏறத்தாழப் பாதி பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள்.

இதில் மர்மம் எதுவுமில்லை. புயலைக் கொண்டுவரும் தாழ்வழுத்தம் தனக்கு முன்புறம் தெற்கிலிருந்து வெப்பக்காற்றை இழுத்துக்கொண்டு வருகிறது. அதன் முதுகுக்குப் பின்னால் கனடாவின் ஆர்க்டிக் காற்று காத்திருக்கிறது. நடுவில் தடுக்க மலையோ காடோ கிடையாது. "வட துருவத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முள்வேலிதான் இருக்கிறது" என்று அந்த ஊர்க்காரர்கள் கேலியாகச் சொல்வார்கள். மொன்டானாவின் பிரவுனிங் ஊரில் 1916 ஜனவரியில் 24 மணி நேரத்துக்குள் வெப்பநிலை 7 டிகிரியிலிருந்து மைனஸ் 49 டிகிரி செல்சியசுக்கு விழுந்தது. ஆகவே ஜனவரி மாதத்தில் காலை இதமாக இருந்தால், அன்று மாலை என்ன வருகிறது என்று வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் மேலாடையைக் கழற்ற வேண்டும். காருக்குப் பெட்ரோல் போடுவதும், மருந்து வாங்குவதும், ஊர்ப்பயணத்தைத் தள்ளிப்போடுவதும் அந்த நாளின் வேலைகள்.

"பனி பெய்யவில்லையே"

பனிப்புயல் என்றதும் வானத்திலிருந்து கொட்டும் பனியை நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்க வானிலைத் துறையின் வரையறையில் பனியின் ஆழத்துக்கு இடமே இல்லை. மணிக்கு 56 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று. விழும் பனியாலோ பறக்கும் பனியாலோ 400 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத நிலை. இரண்டும் 3 மணி நேரம் நீடிக்க வேண்டும். அவ்வளவுதான். நேற்று விழுந்த பனியைக் கிளப்பியே இன்றைய காற்று ஒரு முழுப் பனிப்புயலை உண்டாக்கிவிடும். அப்போது தலைக்குமேல் நீலவானம் தெரியும். எதிரே வரும் லாரி தெரியாது. ஃபார்கோ இருக்கும் ரெட் ரிவர் பள்ளத்தாக்கு பெயரளவில்தான் பள்ளத்தாக்கு. பனியுகத்தின் முடிவில் அங்கே பரந்துகிடந்த அகாசிஸ் என்ற பேரேரியின் அடித்தரை அது, தோசைக்கல்போலத் தட்டை. ஊருக்குள் மரங்களும் கட்டடங்களும் காற்றைத் தடுப்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஊர் எல்லையைத் தாண்டிய முதல் கிலோமீட்டரிலேயே வெண்திரை விழும்.

"கூகுள் வேறு வழி காட்டுகிறது"

புயல் சமயத்தில் 94, 29 ஆகிய பெருநெடுஞ்சாலைகளின் நுழைவாயில்களில் கேட் போட்டு மூடிவிடுவார்கள். 511 என்ற எண்ணைக் கூப்பிட்டால் சாலை நிலவரம் தெரியும். ஆனால் கையிலிருக்கும் வழிகாட்டிச் செயலி, மூடிய சாலையைத் தவிர்த்து, வயல்களுக்கு நடுவே மைலுக்கு ஒன்றாகக் கட்டம்போட்டு ஓடும் சரளைச் சாலைகளில் ஒன்றைக் காட்டும். அந்தச் சாலையில் பனி அகற்றும் வண்டி என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. வீடுகளும் அபூர்வம். நெடுஞ்சாலையையே மூடியிருக்கிறார்கள் என்றால் அதைவிடச் சிறிய சாலை எப்படி நன்றாக இருக்கும் என்று யோசித்தால் போதும். அந்தச் செயலிக்குக் குளிராது.

மாட்டிக்கொண்டால் செய்கிற பெரிய தவறு, காரைவிட்டு இறங்கி நடப்பது. தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது, போய் உதவி கேட்கலாம் என்று தோன்றும். பத்தடி நடந்தபின் விளக்கும் இருக்காது, காரும் இருக்காது. தேடி வருபவர்கள் முதலில் கண்டுபிடிப்பது காரைத்தான். அதனால் ஆள் காருக்குள் இருக்க வேண்டும். 1920 மார்ச்சில் வட டகோட்டாவின் சென்டர் ஊர் அருகே ஹேசல் மைனர் என்ற 15 வயதுப் பெண்ணும் அவளுடைய தம்பி தங்கையும் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் புயலில் சிக்கினர். அவர்களின் சறுக்குவண்டி கவிழ்ந்தது. அவள் அதைவிட்டு நகராமல், போர்வையை விரித்துச் சின்னவர்களைப் படுக்கவைத்து, தன் மேலாடையாலும் உடம்பாலும் மூடிக்கொண்டாள். மறுநாள் தேடிவந்தவர்கள் கண்டபோது அவள் இறந்திருந்தாள். இரண்டு சின்னவர்களும் உயிரோடு இருந்தார்கள்.

காருக்குள் இருக்கும்போது இன்ஜினை இடைவிடாமல் ஓடவிடுவதும் தவறு. எரிபொருள் தீர்வது ஒருபக்கம். பறக்கும் பனி சைலன்சர் குழாயை அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். நிறமோ மணமோ இல்லாத வாயு. தூக்கம் வருவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் போதும். ஒவ்வொரு முறையும் முதலில் குழாயைச் சுற்றியுள்ள பனியை விலக்கிவிட்டு, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை விரலளவு இறக்கிவைக்க வேண்டும். போர்வை, மண்வாரி, டார்ச், தின்பண்டம் எல்லாவற்றையும் டிக்கியில் வைத்துவிட்டால் டிக்கி உறைந்து திறக்காமல் போகலாம். பின் இருக்கையில் வையுங்கள். கைபேசியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரமே உயிரை விட்டுவிடும்.

"புயல்தான் முடிந்துவிட்டதே"

என் பார்வையில் வாரத்தின் மிக ஆபத்தான நாள் இதுதான். மேகம் கலைந்துவிடும். உயரழுத்தம் வந்து உட்காரும். போர்வை விலகியதுபோல இரவில் தரையின் வெப்பமெல்லாம் வானத்துக்குப் போய்விடும். காலையில் சூரியனைச் சுற்றிப் பரிவேடம் என்ற ஒளிவளையமும், இருபுறமும் இரண்டு போலிச் சூரியன்களும் தெரியும். அவ்வளவு அழகு. வெப்பநிலை மைனஸ் 30.

இங்கே காற்றின் வெப்பநிலை, வீசும் வேகத்தையும் சேர்த்துத் தோல் உணரும் குளிர் என்ற இரண்டு கணக்குகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். காற்று மைனஸ் 20 டிகிரியாக இருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், தோலுக்கு அது மைனஸ் 33. அந்த அளவில் 10 முதல் 30 நிமிடத்துக்குள் திறந்திருக்கும் தோல் உறையலாம். மைனஸ் 40-க்குக் கீழே போனால் 5 முதல் 10 நிமிடம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம்தான் அது. தலைக்குக் குளித்து ஈரம் காயாமல் கிளம்புகிற நம் வழக்கத்தை அங்கே மறந்துவிட வேண்டும். முடி குச்சி குச்சியாக உறைந்து நிற்கும். பருத்தி உள்ளாடை வேர்வையைக் குடித்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும்; கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. பூட்ஸுக்குள் மூன்று ஜோடி சாக்ஸ் திணித்தால் இரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் சீக்கிரம் மரக்கும். விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் உறை கதகதப்பானது.

தோல் வெளுத்து மரத்துவிட்டால் தேய்க்கவே கூடாது. பனியை வைத்துத் தேய்க்கச் சொல்லும் பழைய வைத்தியம் படுமோசம். உறைந்த திசு கிழியும். உடல்சூட்டை ஒத்த வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது என்பதால் அடுப்பருகே நீட்டக் கூடாது. ஒரு மடக்கு மது உள்ளே போனால் கதகதப்பாக இருக்கும் என்பதும் ஏமாற்று: தோலுக்கு இரத்தம் பாய்வதால் சூடுபோல் தோன்றும், அந்தச் சூடு உடம்பைவிட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று குழறிப் பேசினால் தேறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். உடனே அவசர உதவியைக் கூப்பிட வேண்டும்.

2022 ஜனவரி 19 அன்று, கனடாவின் எமர்சன் அருகே, அமெரிக்க எல்லைக்குச் சில மீட்டர் வடக்கே, குஜராத்திலிருந்து வந்த பெற்றோரும் இரண்டு குழந்தைகளும் உறைந்து கிடந்தார்கள். ஆள்கடத்துபவர்களை நம்பி இரவில் பனிவயலை நடந்து கடக்க முயன்றவர்கள். காற்றையும் சேர்த்தால் அன்றைய குளிர் மைனஸ் 35. அவர்களை அனுப்பியவர்களுக்கு அந்தச் சமவெளி என்னவென்று தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

சாலையும் அந்த நாளில் ஏமாற்றும். உப்பு தூவியிருக்கிறார்கள் என்று நம்பிப் பயனில்லை. மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. சிக்னலில் நிற்கும் வண்டிகளின் புகையிலுள்ள நீராவியே தரையில் படிந்து கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியாகிவிடும். கார்களின் முகப்பிலிருந்து ஒரு மின்பிளக் தொங்குவதைப் பார்த்து, ஊரே மின்சாரக் காருக்கு மாறிவிட்டது என்று நான் நினைத்ததுண்டு. இரவில் இன்ஜினைச் சூடாக வைத்திருக்கும் கருவிக்கான பிளக் அது. அதைச் செருக மறந்தவர் காலையில் வேலைக்குப் போகத் தாமதமாகும்.

வீட்டுக்குள்

வீட்டைச் சூடாக்கும் புதிய வகை ஃபர்னஸ்களுக்குப் புகைபோக்கி கூரையில் இல்லை. பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாய்தான். பனிமேடு அதை மூடிவிட்டால் ஃபர்னஸ் நின்றுவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் அந்தக் குழாயைப் போய்ப் பாருங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரை கராஜுக்குள் ஓட்டுவதும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் உயிரை எடுக்கும்.

மூன்று நாளைக்குப் பொருள் வாங்கி வைத்தால் போதும் என்பது எல்லாரும் போடும் கணக்கு. ஒரே வாரத்தில் இரண்டு புயல் வந்தால் அது உடையும். 2022 டிசம்பரில் தென் டகோட்டாவின் பைன் ரிட்ஜ், ரோஸ்பட் பழங்குடி நிலங்களில் அதுதான் நடந்தது. முதல் புயலின் பனிமேடு அகற்றப்படும் முன் அடுத்தது வந்தது. விறகும் புரொபேன் வாயுவும் வந்துசேர வழியில்லை. சிலர் துணிகளை எரித்துக் குளிர்காய்ந்ததாகச் செய்திகள் வந்தன. இதைத் தவறுகளின் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. வாங்கி அடுக்கிவைக்கப் பணம் உள்ளவர்களுக்குத்தான் அறிவுரை பொருந்தும்.

காலண்டரை நம்புவதும் ஆபத்து. 2013 அக்டோபர் தொடக்கத்தில் மேற்குத் தென் டகோட்டாவில் மாடுகள் இன்னும் கோடைப் புல்வெளியில் இருந்தன. குளிர்கால உரோமம் வளரவில்லை. முதலில் மழை அவற்றை நனைத்தது, பிறகு காற்றும் பனியும். காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்தே வேலிகளில் மோதியும் ஓடைகளில் விழுந்தும் பல்லாயிரம் மாடுகள் செத்தன.

கடைசியாக, மண்வாரி. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும்போது, அசைந்து பழகாத உடம்பை வைத்து ஈரப்பனியை வாரித் தூக்கி எறிந்தால் மாரடைப்பு வரக்கூடும். தூக்காமல் தள்ளுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. வாசலைச் சுத்தமாக்கி நீங்கள் உள்ளே போனதும் மாநகராட்சியின் பனி அகற்றும் வண்டி வரும். சாலைப் பனியையெல்லாம் முழங்கால் உயரத்துக்குக் கட்டிக்கட்டியாக உங்கள் வாசலில் தள்ளிவிட்டுப் போகும். அந்தக் கோபத்தோடு உடனே மண்வாரியை எடுக்காதீர்கள். காப்பியைக் குடித்துவிட்டுப் போகலாம். அந்தப் பனி ஏப்ரல் வரை எங்கும் போகாது.