வேலூரிலிருந்து பிச்சாவரம்: ஓதம் பார்த்துப் படகேறுங்கள்

பாலாற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கப் பாலத்துக்கு ஓடுகிற ஊர் நம்முடையது. ஆறு என்றால் ஒரே பக்கம்தான் ஓடும் என்ற நினைப்போடு பறவை பார்க்கப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் போய் இறங்கினால் ஏமாற்றம்தான். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் அந்தக் கழிமுகத்தில் கடலோடு சேர்ந்து தண்ணீர் தினமும் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும்; இதுதான் ஓதம். பறவை கண்ணில் படுவதும் படகு சேற்றில் சிக்குவதும் இந்தக் கணக்கைப் பொறுத்ததே.

ஆகவே பஸ் நேரத்தைப் பார்ப்பதற்கு முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். கடலூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ இணையத்தில் கிடைக்கும். காலை 7 மணிக்கு மேல், 8 மணிக்குள் தண்ணீர் முழுதாக வற்றும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று 6 மணிக்கு வற்றினால் இரண்டு நாளில் ஏறக்குறைய 7.40. அட்டவணை சொல்வது கடற்கரை நேரம். உள் வாய்க்கால்களுக்கு அது தாமதமாகத்தான் வந்து சேரும். "தண்ணி திரும்பிடுச்சாண்ணே?" என்று படகோட்டியிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

வற்றி முடிந்து ஏறத் தொடங்கும் நேரம்தான் நல்லது. சேற்றுத்திட்டு இன்னும் வெளியே தெரியும், உள்ளான் என்ற சிறு கரைப்பறவைகள் அதில்தான் இரை பொறுக்கும். படகு தரை தட்டினாலும் பத்து நிமிடத்தில் ஏறுகிற தண்ணீரே தூக்கிவிடும். வற்றும்போது சிக்கினால் நிலைமை தலைகீழ்: நேரம் ஆக ஆகப் படகு இன்னும் அமிழ்ந்து உட்காரும், இறங்கித் தள்ளினால் கால் முழங்கால்வரை போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம். சேறும் அதிகம் தெரியும், நேரம் தப்பினால் தொல்லையும் அதிகம்.

மாதம் என்றால் டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி வரை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. காற்றழுத்தத் தாழ்வு வந்தால் பயணம் வீண்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் வழியாகச் சிதம்பரம் சுமார் 230 கி.மீ. முந்தின நாளே போய்ச் சிதம்பரத்தில் தங்கி, விடிந்ததும் பிச்சாவரம் பஸ் பிடியுங்கள். அதே நாளில் போய்த் திரும்ப நினைத்தால் நடுப்பகல் வெயிலில் வெறும் மரத்தைப் பார்த்துவிட்டு வரலாம். "பழவேற்காடு இன்னும் கிட்டமாச்சே" என்பார்கள். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபின் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. யாராவது மீன்பிடி படகில் ஏற்றிப் போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

பிச்சாவரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுத்துறையில் துடுப்புப் படகு, மோட்டார் படகு இரண்டும் உண்டு. துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் சத்தத்துக்குக் கொக்கு முன்கூட்டியே பறந்துவிடும். மரக்கிளை தலையில் உரசும் குறுகிய வாய்க்காலுக்குள் மோட்டார் படகு போகவும் முடியாது. உயிர்காப்பு உடையைப் போட்டபின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை எழும்பினால் தளர்வு. தண்ணீரில் முகத்தை மூடிவிடும். பக்கவாரை இறுக்குங்கள், குழந்தைக்குச் சின்ன அளவு கேட்டு வாங்குங்கள்.

பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெரிதாக்குவது) போதும். 10 மடங்கு பைனாகுலர், ஆடுகிற படகில் கைநடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். ஒரு வாரம் முன்பே வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் பழகுங்கள். வலது பக்கத்தை மூடி நடுச்சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள்; பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக்கண் வளையத்தை மட்டும் திருகுங்கள். அதன்பின் வளையத்தைத் தொடவே வேண்டாம். நீர்க்காகம் முங்கி எழும் இடத்தைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் மீன்கொத்திக்கும் கை வரும்.

படகில் முன்பலகையில் உட்காருங்கள், எழுந்து நிற்காதீர்கள். காலை வெயில் முதுகில் விழும்படி மேற்குப் பக்கக் கரையைப் பாருங்கள். பறவை தெரிந்ததும் 30 மீட்டருக்கு முன்பே துடுப்பை நிறுத்தச் சொல்லி, படகு தானே நகரட்டும் என்று விடுங்கள். பறவை கழுத்தை நீட்டி விறைத்தால் கிட்டப் போனது போதும் என்று பொருள்.

தாழ்ந்த கிளைகளில் கருந்தலை மீன்கொத்தி: கறுப்புத் தலை, வெள்ளைக் கழுத்து, ஊதா முதுகு. அடர்ந்த இலைக்குள் பகலில் தூங்கும் வக்காவை (இராக்கொக்கு) சிவப்புக் கண்தான் காட்டிக்கொடுக்கும். நம்மூர் ஏரியில் பார்க்கும் சின்னக் கொக்குக்குக் கறுப்புக் கால், மஞ்சள் பாதம். சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டு கையசைத்தால் அது ஆண்; பெண்ணை அழைக்கிறது.

மரத்தை வேரால் அடையாளம் காணலாம். வளைந்த முட்டுவேர் சுரபுன்னை. சேற்றிலிருந்து பென்சில் போல மேலே நிற்கும் மூச்சுவேர் வெண்கண்டல். தில்லை மரக்கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள். பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வை சில காலம் மங்கவும் கூடும். பட்டுவிட்டால் கசக்காமல் குடிநீரால் தொடர்ந்து கழுவி, மருத்துவரிடம் போங்கள். அதற்காகவே ஆளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் எடுங்கள். கழியின் உப்புநீர் கழுவ உதவாது.

கரையேறியதும் பைனாகுலரை ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும்.