தாயத்துத் தகடு எழுதுதலும் பேணுதலும்

எழுதுபவரின் ஒருமுகப்பட்ட மனமே தாயத்துக்கு ஆற்றல் தருகிறது என்பது நம்பிக்கையாதலால், அதை எதற்காகச் செய்கிறோம் என்று தெளிந்த பிறகே செப்புத் தகட்டைக் கையில் எடுக்க வேண்டும். மெல்லிய தகட்டைத் தடித்த துணியின்மேல் வைத்து, முனை மழுங்கிய எழுத்தாணியால் அழுத்தி எழுதினால், தகடு கிழியாமல் கோடுகள் பள்ளமாகப் பதியும். முதன்முறை எழுதுபவருக்கு, எப்பக்கம் கூட்டினாலும் 15 வரும் ஒன்பது கட்டச் சதுரமே ஏற்றது: மேல் வரிசையில் 2, 7, 6, நடுவில் 9, 5, 1, கீழே 4, 3, 8.

எழுதிய பக்கம் உள்ளே இருக்குமாறு சுருட்டிக் குப்பியில் இட்டு, மூடியின் விளிம்பை அரக்கால் அடைக்க வேண்டும். வியர்வை புகுந்தால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறி எழுத்தை மறைத்துவிடும் என்பதால், இதில் அவசரம் கூடவே கூடாது. வெள்ளிக் குப்பி கறுத்தால் மென்துணியால் துடைத்தாலே போதும். நைந்த கயிற்றை உடனே மாற்ற வேண்டும். உறங்கும் குழந்தையின் கழுத்தில் தாயத்தை ஒருபோதும் விட்டுவைக்கலாகாது.