உண்ணிச்செடியை ஒழித்துப் புல்லை மீட்பது எப்படி: முதலில் கடப்பாரை, பிறகுதான் நெருப்பு

மலையடிவாரத்தில் நிலம் இருந்து, அதில் உண்ணிச்செடி (லான்டானா) புதராக மண்டிவிட்டால், ஒரு தீக்குச்சியில் வேலை முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் இதன் உயிர் இருக்கிறது. மேலே எல்லாம் கருகினாலும் ஒரு மழை போதும், அங்கிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அதோடு, ஆளுயரப் புதர் எரியும்போது தீ மேலேறிப் பக்கத்திலுள்ள நெல்லி, வேங்கை மரங்களையும் சேர்த்துக் கருக்கிவிடும்.

அப்படியென்றால் நெருப்பே கூடாதா? கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன் மலையில் வாழும் பழங்குடிகளான சோளகர்கள் கோடை முற்றுவதற்கு முன்பே சருகு மட்டும் எரியும்படி தரையோடு தவழும் சிறு தீ வைத்துவந்தார்கள். 1974-இல் அது சரணாலயமான பின் அந்த வழக்கம் தடைபட்டது. 1997-க்கும் 2008-க்கும் இடையில் அங்கே உண்ணிச்செடி ஏறக்குறைய இருமடங்கு பரவியதை ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. தீ நின்றதால்தான் இந்தச் செடியும், நெல்லி மரங்களில் புல்லுருவியும் பெருகின என்று சோளகர்கள் சொல்கிறார்கள். காட்டை அன்றாடம் பார்த்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் புதர் மண்டியபின் அதே தீயை வைத்தால் அது சருகுத் தீயாக இருக்காது. அதனால் வரிசை முக்கியம்.

1. நிலம் யாருடையது?
இங்கே சொல்வது உங்கள் சொந்தப் பட்டா நிலத்துக்கு மட்டும். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் தீ வைப்பது குற்றம். காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

2. வேரை அறுப்பது
டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துகாட்டிய முறை இது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, காய் பழுப்பதற்கு முன் தொடங்குங்கள். கிளைகளை ஒதுக்கிவிட்டுத் தூரைக் கண்டுபிடியுங்கள். மண்மட்டத்துக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, முதன்மை வேரைக் கடப்பாரையால் வெட்டுங்கள். ஆழமாகத் தோண்ட வேண்டாம். மண்ணைக் கிளறினால் அடுத்த களைக்கு நாமே பாத்தி கட்டியது மாதிரி ஆகிவிடும்.

வெட்டிய புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானத்தைப் பார்க்கும்படி வையுங்கள். இதில் அலட்சியம் கூடாது. தண்டு ஈர மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விடும். வெட்டியதை ஆடு மாடுகளுக்குப் போடாதீர்கள், கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு அதில் உண்டு. நேரான நல்ல தண்டுகளைத் தனியே எடுத்துவையுங்கள். நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இந்தத் தண்டுகளால் செய்த முழு அளவு யானை உருவங்கள் லண்டன் பூங்காக்கள் வரை போயிருக்கின்றன.

3. குவித்து எரிப்பது
நன்றாகக் காய்ந்தபின், மரங்களிலிருந்து தள்ளி, சிறு சிறு குவியலாகப் போடுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சருகே இல்லாமல் மண் தெரியக் கூட்டுங்கள். சுற்றுப்புறம் இன்னும் பச்சையாக இருக்கும் நாளில், காற்றில்லாத காலையில், ஒரு நேரத்தில் ஒரு குவியல் மட்டும். பக்கத்தில் தண்ணீர்க் குடங்கள், பச்சைத் தழைக் கொத்துகள், துணைக்கு ஆட்கள் வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரிடமும் தீயணைப்பு நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாம்பலைக் கிளறி நீர் ஊற்றி, கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியாத வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. மார்ச்சுக்கு மேல் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம்.

4. புல் வருவதற்கு
வெறும் மண்ணை அப்படியே விட்டால் பார்த்தீனியம் என்ற களை வந்து உட்காரும். அக்கம்பக்கத்தில் இயல்பாக வளரும் ஊசிப்புல், காவட்டம்புல் போன்றவற்றின் விதையைச் சேகரித்து மழைக்கு முன் தூவுங்கள். வறண்ட சமவெளி என்றால் கொழுக்கட்டைப் புல்.

அப்புறம், மரத்தடிகளைக் கவனியுங்கள். பழம் தின்ற சின்னான் குருவிகள் கிளையில் உட்கார்ந்து எச்சமிடுவதால் உண்ணி நாற்று அங்கேதான் முதலில் முளைக்கும். விரலளவு இருக்கும்போது கையாலேயே பிடுங்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இதைச் செய்தாக வேண்டும்.

புல் மூடி, காய்ந்த பழைய புல் தடித்துப் புதுத் துளிர் திணறும்போதுதான் தரைத் தீயைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் மறுபடி அனுமதி, அனுபவமுள்ளவர் துணை, சுற்றிலும் புல்லும் சருகும் இல்லாத தீத்தடுப்புக் கோடு எல்லாம் அவசியம். தீ காற்றை எதிர்த்து மெதுவாக நகர வேண்டும். நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆண்டில் எரிக்காதீர்கள்; தரையில் கூடு வைக்கும் பறவைக்கும் பூச்சிக்கும் மீதி இடம் வேண்டும்.