சென்னையை நடந்து பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையை நடந்தே சுற்றிப் பார்த்துவிடலாம் என்று உற்சாகமாகக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் பத்தரை மணிக்கெல்லாம் ஏதோ ஒரு தெருமுனையில் நின்று ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்டால் வெயிலைக் குறை சொல்வார்கள். வெயில் காரணம்தான், ஆனால் முந்தின நாள் ராத்திரியே பாதிக் காரியம் கெட்டிருக்கும். கோட்டை, மெரினா, மயிலாப்பூர், தி.நகர், பெசன்ட் நகர் என்று வரிசையாக எழுதி, மேப்பில் ஒரு கோடு இழுத்து, ‘ஒரே நாளில் முடித்துவிடலாம்’ என்று படுத்திருப்பார்கள். காரில் போகிறவருக்கு அந்தப் பட்டியல் போதும். நடக்கிறவர் முடிவு செய்ய வேண்டியது வேறு: எங்கே இறங்குவது, எந்தத் திசையில் நடப்பது, எத்தனை மணிக்கு முடிப்பது.

கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் என்று மேப் சொல்லும். நிற்காமல், திரும்பிப் பார்க்காமல், நல்ல பிளாட்பாரத்தில் போனால் அது சரி. சுற்றிப் பார்க்க வந்தவர் அப்படி நடக்க மாட்டார். ஒரு கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார், போட்டோ எடுப்பார், ஒரு காபி குடிப்பார், சிக்னலில் நிற்பார். இதையெல்லாம் சேர்த்தால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர்தான் தேறும். ஆகவே மேப் காட்டும் நேரத்தை இரண்டு மடங்குக்கு மேலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வழியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் இறங்கி, வாலாஜா சாலை வழியாகக் கடற்கரை, உழைப்பாளர் சிலை, அங்கிருந்து தெற்கே கலங்கரை விளக்கம், லூப் ரோடு, சாந்தோம் தேவாலயம், கச்சேரி சாலை, கபாலீஸ்வரர் கோயில், கடைசியில் திருமயிலை ஸ்டேஷன். மொத்தம் ஐந்தரை கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் வரும். மேப்பைக் கேட்டால் ஒன்றேகால் மணி நேரம் என்று சொல்லக்கூடும். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்கு மயிலாப்பூரில் தோசைக்கு உட்காரலாம் என்பதுதான் நிஜக் கணக்கு. ஒரு காலைக்கு இது போதும். இதோடு கோட்டையையும் சேர்க்கிறவர்கள்தான் அந்தப் பத்தரை மணி ஆட்டோ கோஷ்டி.

இந்த வழியில் இன்னொரு வசதி, தொடக்கமும் முடிவும் ஒரே ரயில் பாதையில் இருப்பது. கிளம்பிய இடத்துக்கே நடந்து திரும்பும்படி வழியை அமைப்பது பெரிய தவறு. திரும்பும்போது பார்த்ததையே பார்த்துக்கொண்டு, ஏறிவிட்ட வெயிலில், காலி பாட்டிலோடு நடக்க வேண்டியிருக்கும். பைக்கை நிறுத்திவிட்டு நடக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை நிச்சயம். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலில் வாருங்கள்.

ஸ்டேஷன் பெயரை நம்பி இறங்குவது

மெரினாவுக்குப் போக ‘பீச்’ ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சென்னை பீச் ஸ்டேஷன் இருப்பது ராஜாஜி சாலையில், துறைமுகத்துக்கு எதிரே. அங்கிருந்து மெரினா மணலுக்கு மூன்று கிலோமீட்டருக்குமேல் போக வேண்டும். ‘லைட் ஹவுஸ்’ என்ற பறக்கும் ரயில் ஸ்டேஷனும் கலங்கரை விளக்கத்தின் காலடியில் இல்லை. கடற்கரையிலிருந்து ஊருக்குள் தள்ளி, ஒரு கிலோமீட்டருக்குமேல் இருக்கிறது. மெரினாவின் வடபகுதிக்குச் சேப்பாக்கமோ திருவல்லிக்கேணியோ, மயிலாப்பூருக்குத் திருமயிலை, பாரிமுனைக்கு உயர் நீதிமன்றம் மெட்ரோ என்று மனதில் வைத்துக்கொண்டால் நடை தொடங்கும் முன்பே கால் களைக்காது.

வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்காதது

நடை இதமாக இருப்பதும் எரிச்சலாவதும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. ஆனால் திட்டம் போடும்போது யாரும் இதை நினைப்பதில்லை.

சென்னைக்குக் கடல் கிழக்கே. மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால் மறையும். சூரிய அஸ்தமனம் பார்க்க மெரினாவுக்கு வருகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். ஜூனில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும். முந்தின நாளே நேரத்தைப் பார்த்துவிட்டு, உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்பு மணலில் இருங்கள்.

அதைவிட முக்கியம், காமராஜர் சாலைக் கட்டடங்கள் கிழக்கு பார்த்தவை. ராபர்ட் சிஷோம் கட்டிய மாநிலக் கல்லூரி, 1879-ல் அவர் முடித்த செனட் ஹவுஸ், கொஞ்சம் தெற்கே 1842-ல் அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ், அதாவது இன்றைய விவேகானந்தர் இல்லம், எல்லாவற்றின் மேலும் காலை ஏழு மணிக்கு நேர் வெளிச்சம் விழும். செங்கல் சிவப்பும் வளைவுகளும் தனித்தனியாகத் தெரியும். மாலை ஐந்து மணிக்கு அதே கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் போய்விடும். அப்போது எடுக்கிற போட்டோவில் கறுப்பு உருவம் மட்டுமே மிஞ்சும். சேப்பாக்கம் அரண்மனைக்கு வேறு பிரச்சினை: கடற்கரைப் பக்கமிருந்து பார்த்தால் எழிலகம் என்ற அரசு அலுவலகக் கட்டடம் மறைத்துக்கொள்ளும். வாலாஜா சாலை வழியாக வரச் சொன்னது அதற்காகவும்தான்.

கபாலீஸ்வரர் கோயிலுக்கும் இதே கணக்கு. பெரிய ராஜகோபுரம் கிழக்கே இருக்கிறது, காலையில் சன்னதித் தெருவில் நின்று பார்க்க வேண்டும். குளம் மேற்கே, அந்தப் பக்கத்துச் சிறிய கோபுரம் மாலை நாலரைக்குமேல் தண்ணீரில் விழும்போதுதான் அழகு. கபாலீஸ்வரர் மேற்கு பார்த்தவர் என்பதால் சுவாமிக்கு முன்வாசல் உண்மையில் குளத்துப் பக்கம்தான். கிழக்கே நுழைந்து, பின்னால் ஒரு குளம் இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. நான்கு மாட வீதிகளையும் ஒரு முறை சுற்றிவிட்டு உள்ளே போங்கள். மேற்குப் பக்கம் வரும்போது பெயர்ப்பலகையில் ராமகிருஷ்ண மடம் சாலை என்றிருக்கும், குழம்ப வேண்டாம். இங்கே தேட வேண்டியது நேரம் மட்டுமல்ல, மாதமும்தான். மார்கழியில் விடியுமுன் பஜனை கோஷ்டியும் வாசல் கோலங்களுமாக இருக்கும் வீதி, பங்குனியில் அறுபத்து மூவர் அன்று நிற்க இடமில்லாமல் நிரம்பியிருக்கும். இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அறுபத்து மூவர் நாளில் ‘கட்டடம் பார்க்கும் நடை’ என்று போனால் கூட்டத்தில் முழங்கை இடிதான் மிச்சம்.

கோடையில் வெயில் ஏறிக்கொண்டே போய், நண்பகலை ஒட்டியோ அதற்குப் பிறகோ கடற்காற்று உள்ளே வரும். வராத நாளில் சாயந்திரமும் தகிக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்பது மணிக்குள் முடியும் நடையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாலை என்றால் ஐந்துக்குமேல்.

பாரிமுனைக்குத் தப்பான கிழமையில் போவது

பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுனுக்குப் போக இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று வியாபாரம் நடப்பதைப் பார்ப்பது, இன்னொன்று பழைய கட்டடங்களைப் பார்ப்பது. இரண்டையும் ஒரே நாளில் செய்ய நினைப்பதுதான் தவறு.

வேலை நாளில் பதினோரு மணிக்கு அந்தத் தெருக்களில் தலை நிமிர்த்திப் பார்க்க முடியாது. முன்னால் மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டி, பின்னால் ஹாரன், பக்கத்தில் ‘ஓரம், ஓரம்’ என்று தலைச்சுமையோடு ஒருவர். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகையும் காகிதக் கட்டும், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, பத்ரியன் தெருவில் பூ என்று தெருவுக்கு ஒரு சரக்கு. பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் கண் தரையிலும் எதிரே வருகிற சக்கரத்திலுமே இருக்கும், மாடியில் இருக்கும் மரச் சன்னல் தெரியாது.

கட்டடம்தான் வேண்டும் என்றால் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போங்கள். மொத்தக் கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருக்கும். தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு எல்லாம் வடக்கு தெற்காக ஓடுகிறவை, அதனால் காலை வெயில் ஏறும் வரை கிழக்குச் சாரிக் கட்டடங்களே நிழல் தரும். தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். அதற்கு மேற்கே அரண்மனைக்காரத் தெரு. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ‘ஆர்மீனியன்’ என்ற சொல் நம் வாயில் புகுந்து அரண்மனைக்காரனாகிவிட்டது. 1772-ல் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம் மதிலுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும், அவசரமாக நடந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். அதே தெருவில் அந்தோணியார் கோயிலும் இருப்பதால் செவ்வாய்க்கிழமை கூட்டம் அலைமோதும். நடையை மண்ணடி மெட்ரோவில் முடித்துக்கொள்ளலாம்.

பூட்டிய கதவு, அடையாள அட்டை

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. கபாலீஸ்வரர் கோயிலில் நண்பகலை ஒட்டி நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். கலங்கரை விளக்கத்தில் ஏறுவதை அதிகாலை நடையோடு சேர்க்க முடியாது, அது திறக்குமுன் நீங்கள் மயிலாப்பூரில் இருப்பீர்கள். கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் ராணுவ அலுவலகங்களும் இருப்பதால் வாசலில் பையைச் சோதிப்பார்கள். ஆதார் போல ஏதாவது ஒரு அட்டை கையில் இருக்கட்டும், கேமராவை வெளியே எடுக்குமுன் கேட்டுவிடுங்கள். 1680-ல் திறந்த புனித மரியாள் தேவாலயத்தைப் பார்க்க வந்து, அட்டை இல்லாமல் வாசலோடு திரும்புவது வீண் அலைச்சல்.

மேப் காட்டும் குறுக்கு வழி

கலங்கரை விளக்கத்திலிருந்து சாந்தோமுக்கு மேப் பெரும்பாலும் நெடுஞ்சாலையைக் காட்டும். வண்டிச் சத்தத்தைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. கடலை ஒட்டிய லூப் ரோட்டில் போனால் நொச்சிக்குப்பம் வழியாக நடக்கலாம். காலையில் வலையிலிருந்து மீனை உதறி எடுப்பதைப் பார்க்கலாம். அது அவர்கள் வேலை செய்யும் இடம். காய்கிற வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். தேவாலயத்தின் வெள்ளைக் கூர்கோபுரம் தெரிந்ததும் மேற்கே திரும்பிவிடலாம். இப்போதைய கட்டடம் 1896-ல் முடிந்தது.

லஸ், மந்தைவெளி, கலங்கரை விளக்கம் பக்கங்களில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்கான தடுப்புகள் நடைபாதையை விழுங்கி வைத்திருக்கின்றன. மேப்புக்கு இது தெரியாது. தடுப்பு வந்துவிட்டால் ஓரமாகச் சாலையில் இறங்காமல், ஒரு தெரு உள்ளே தள்ளிப் போங்கள்.

பிளாட்பாரமே இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பழக்கதோஷத்தில் இடப்பக்கம் நடந்தால் முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது. ஒருவழிச் சாலையைக் கடக்கும்போதும் இரண்டு பக்கமும் பாருங்கள், டூ வீலருக்கு ஒருவழி என்று ஒன்று கிடையாது. நிற்கிற பஸ்ஸுக்கு முன்னால் நுழைந்து கடக்க வேண்டாம்.

செருப்பு, தண்ணீர், கழிப்பறை

புது ஷூவோடு வராதீர்கள். லேஸ் கட்டிய ஷூவும் தொல்லைதான், கோயிலுக்குக் கோயில் அவிழ்க்க வேண்டும். பின்னால் வார் உள்ள, பழகிய செருப்பு நல்லது. நண்பகலில் கோயில் பிராகாரக் கல் கொதிக்கும், வெறுங்காலில் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். தாகம் எடுத்த பிறகு ஒரே மடக்கில் குடித்தால் வயிறு கனக்கும், நடக்க முடியாது. கால் மணிக்கு ஒரு முறை நாலு வாய் போதும். வியர்வையில் உப்பும் போவதால் இரண்டு மணி நேரத்துக்குமேல் நடந்தால் உப்புப் போட்ட மோர் நல்லது. பலர், குறிப்பாகப் பெண்கள், கழிப்பறை கிடைக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் நடக்கிறார்கள். தலைவலியும் கிறுகிறுப்பும் அதில்தான் வருகின்றன. மெட்ரோ ஸ்டேஷனில் தொடங்குவதும், நடுவே ஓர் ஓட்டலில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுவதுமாகத் திட்டம் போட்டால் இந்தக் கவலை குறையும்.

இருட்டும் மழையும்

மாலை நடைக்கு எலியட்ஸ் கடற்கரை நல்ல தேர்வு. அங்கே கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1930-ல் கடலில் சிக்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டேனிஷ்காரர் அவர். அதைப் பார்த்துவிட்டும் அலையில் இடுப்பளவு இறங்குகிறவர்களை என்ன சொல்ல? அங்கிருந்து வடக்கே, அடையாற்று முகத்துவாரத்தில் 1977 வெள்ளத்தில் உடைந்த பாலம் இருக்கிறது. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போகாதீர்கள். விளக்கு கிடையாது, போலீஸும் திருப்பி அனுப்பும். நவம்பர் கடைசியில் ஐந்து நாற்பதுக்கே சூரியன் மறைந்துவிடும், ஆறரைக்கு இருட்டும் என்று கோடைக் கணக்கில் கிளம்பினால் பாதி வழியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால், எவ்வளவு ஆழம் இல்லாததுபோலத் தெரிந்தாலும் கால் வைக்காதீர்கள். அடியில் வடிகால் மூடி திறந்திருக்கலாம், தோண்டிய பள்ளம் இருக்கலாம். அந்தத் தெருக்காரர்கள் எந்த ஓரமாகப் போகிறார்கள் என்று இரண்டு நிமிடம் நின்று பார்த்து, அவர்கள் பின்னாலேயே போங்கள். யாருமே இறங்கவில்லை என்றால் திரும்பிவிடுங்கள்.