உமே கிளை வரையலாம், வாங்க: வாட்டர்கலரில் ஜப்பானின் முன்வசந்தம்

ஜப்பானிய ஓவியத்தில் பூவைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடலாம். ஹனாஃபுடா என்ற சீட்டுக்கட்டில் 12 மாதங்களுக்கும் தனித்தனியே ஒரு செடியோ மரமோ உண்டு. பிப்ரவரிக்கு உமே (ஜப்பானிய பிளம் மரம்), மார்ச்சுக்கு செர்ரி, அக்டோபருக்கு மேப்பிள். புதிதாக வரைபவர்களுக்கு என் சிபாரிசு உமேதான். ஐந்து வட்டம் போட்டால் பூ வந்துவிடும்.

தேவையானவை: 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள், நுனி கூரான உருண்டை பிரஷ், கருப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள்.

1. முதலில் உமேயையும் செர்ரியையும் பிரித்தறியப் பழகுங்கள். உமே இதழின் விளிம்பு உருண்டை. பூ காம்பில்லாததுபோல் கிளையோடு ஒட்டியிருக்கும். செர்ரி இதழின் நுனியில் சிறு பிளவு இருக்கும். நீளக் காம்பில் கொத்தாகத் தொங்கும். இதில் குழம்பினால் படத்தின் பருவமே மாறிவிடும்.

2. தாளின் ஒரு மூலையிலிருந்து கிளையைத் தொடங்குங்கள். நிறையத் தண்ணீர் கலந்த வெளிர் கருப்பில், முடிச்சும் வளைவுமாக இழுங்கள். ஈரம் காய்வதற்குள் அடர் கருப்பைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அப்புறம் துளி பச்சை. நிறங்கள் தாமாகவே பரவி, பாசி படர்ந்த முதிய பட்டை தோன்றும். இதற்குத் தராஷிகோமி என்று பெயர். ரின்பா என்ற ஜப்பானிய ஓவிய மரபினரின் கைவேலை. அம்மரபின் ஓவியர் ஒகாதா கோரின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த சிவப்பு, வெள்ளை உமே மடிப்புத் திரைகளில் மரப்பட்டையைக் கவனியுங்கள்; ஜப்பானின் அட்டாமி நகரிலுள்ள எம்ஓஏ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பரவும் நிறத்தை பிரஷ்ஷால் திருத்தப் போகாதீர்கள், அழகே அதில்தான் இருக்கிறது.

3. காய்ந்ததும் முதிய கிளையிலிருந்து மெல்லிய இளங்கிளைகளை மேல்நோக்கி நேராக இழுங்கள்.

4. இப்போது பூக்கள். வெளிக்கோடு வேண்டாம், பிரஷ்ஷை அழுத்தி எடுத்தால் ஓர் இதழ். மலர்ந்தவை கொஞ்சம், மொட்டுகள் நிறைய. இலை போடாதீர்கள், உமே இலைக்கு முன்பே பூக்கும்.

5. நடுவில் மஞ்சளில் மெல்லிய மகரந்த இழைகள்.

6. தாளில் பாதியாவது வெறுமையாக இருக்கட்டும். துணைக்கு ஏதாவது வேண்டுமென்றால் உகுயிசு குருவி போதும். ஹனாஃபுடாவிலும் உமேயோடு வருவது அதுதான்.

வாழ்த்து அட்டையாக்குவதென்றால் ஜனவரியிலேயே அனுப்பிவிடுங்கள். கிமோனோவிலும் பூ மலர்வதற்குச் சற்று முன்பே அதன் வடிவத்தை உடுத்துவதுதான் வழக்கம்.