பூட்டு, சாவி, பிள்ளை: அமெரிக்க வீட்டில் துப்பாக்கி பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்கு

வந்து இறங்கியதும் சோஷியல் செக்யூரிட்டி எண், டிரைவர் லைசென்ஸ், பிள்ளைக்குப் பள்ளி, எந்தக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கும் என்று எல்லாவற்றையும் விசாரிப்போம். துப்பாக்கியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அமெரிக்காவில் பெரியவர்களில் பத்துக்கு நான்கு பேர் துப்பாக்கி உள்ள வீட்டில்தான் வசிக்கிறார்கள். நம் ஊரில் அதைப் போலீஸ்காரர் தோளிலும் வங்கி வாசல் காவலாளி கையிலும் பார்த்ததோடு சரி. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குச் சென்றிச் சாவடியில் ஆமிக்காரன் கையில் பார்த்த ஞாபகம் இருக்கும். இங்கே அது துணி அலமாரியிலும் கட்டிலோரத்து மேஜை இழுப்பறையிலும் காருக்குள்ளும் இருக்கிறது.

முதலில் விசா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எச்1பி, எச்4, எல்1, எஃப்1 போன்ற விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போல ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்குவதற்கு முன் வக்கீலிடம் பேசுங்கள். சனிக்கிழமை ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போகலாம் வா என்று அலுவலக நண்பர் கூப்பிட்டாலும் இதே யோசனை வேண்டும். கிரீன் கார்டு வந்துவிட்டால் தடை நீங்கிவிடும். நம்மவர்கள் வாங்கத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான், அதுவும் பக்கத்துத் தெருவில் ஒரு திருட்டு நடந்த மறுவாரம்.

டாலஸ் பக்கத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவரும் அப்படித்தான் ஒரு பிஸ்டல் வாங்கினார். ஒரு நாள் சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, “எங்கே வைத்திருக்கிறேன் என்று என் பெண்டாட்டிக்கே சரியாகத் தெரியாது” என்றார் பெருமையாக. சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் பையன், வயது 13, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “பட்டுப்புடவை சூட்கேஸ்ல, அங்கிள். சாவி சாமி ரூம் மணிக்குப் பின்னாடி” என்றான். நண்பரின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

நாம் ஒளித்து வைத்தே பழகிய ஜனம். நகை அரிசிப் பானைக்குள் போகும், பணம் புடவை மடிப்புக்குள் போகும். அந்த வித்தை வெளியிலிருந்து வரும் திருடனுக்கு, அவனுக்கு வீடு தெரியாது. பிள்ளையோ பள்ளி விட்டு வந்து, நாம் வேலையிலிருந்து திரும்பும்வரை தனியாக அதே வீட்டில் இருக்கிறது. அலபாமா கிராமப்புறத்தில் நடத்தி 2006-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ‘எங்கே இருக்கிறது என்று என் பிள்ளைக்குத் தெரியாது’ என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகள், எங்களுக்குத் தெரியும் என்று சொன்னார்கள்.

சரி, பூட்டுவது எப்படி? இங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது இதுதான்: துப்பாக்கி இல்லாத வீடே பாதுகாப்பானது. இருந்தே ஆக வேண்டும் என்றால் தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டி வையுங்கள், தோட்டாவைத் தனியாக வேறிடத்தில் பூட்டுங்கள். தோட்டாவை எடுப்பதில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகஸினைக் கழற்றியதும் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். மேலே, சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் ஒன்று மிச்சம் இருக்கலாம். மேகஸினை எடுத்த பிறகு ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். குழல் யாரையும் நோக்கி இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

கைத்துப்பாக்கி விற்கும் லைசென்ஸ் கடைக்காரர் கூடவே ஒரு பூட்டும் தந்தாக வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் கேபிள் லாக் தருவார்கள்: பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பி, முனையில் ஒரு சின்னப் பூட்டு. மேகஸின் செருகும் துளைக்குள் விட்டு, மேலே வெற்றுத் தோட்டா வெளியேறும் திறப்பு வழியாக எடுத்துப் பூட்டினால் ஸ்லைடு மூடாது, சுடவும் முடியாது. பல ஊர்களில் காவல் நிலையத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள், பெயர்கூடக் கேட்காமல். ஆனால் கம்பியை வெட்டிவிடலாம். திண்டுக்கல் பூட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது பூட்டு மாதிரியே தெரியாது. கேபிளோடு சேர்த்து இரும்பு லாக் பாக்ஸோ சேஃபோ இருந்தால் நல்லது. சேஃபின் எண், வாங்கும்போது கம்பெனி போட்டுக் கொடுத்த எண்ணாகவோ பிள்ளையின் பிறந்த தேதியாகவோ இருக்க வேண்டாம். சாவி என்றால் சாமி ரூம் மணிக்குப் பின்னால் வேண்டாம்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்திருந்து, பிள்ளை அதை எடுத்துவிட்டால் குற்றம். மாசசூசெட்ஸில் கையில் இல்லாதபோது பூட்டித்தான் வைக்க வேண்டும். மிஷிகனில் 2024 பிப்ரவரியில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது பற்றி ஒரு சட்டம் வந்தது. அது வந்ததற்குப் பின்னால் இருக்கும் கதையை இங்கே பிள்ளை வளர்க்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2021 நவம்பர் 30 அன்று மிஷிகனில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரின் பள்ளியில் 15 வயது மாணவன் ஒருவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். துப்பாக்கி, நான்கு நாள் முன்பு அப்பா வாங்கியது. அன்று காலை அவன் கணக்குத் தாளில் துப்பாக்கிப் படம் வரைந்து, எண்ணங்கள் நிற்க மாட்டேன் என்கின்றன, உதவி செய்யுங்கள் என்று எழுதியிருந்தான். பள்ளி பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டியது. இருவரும் பார்த்துவிட்டு, அவனை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். துப்பாக்கி பத்திரமாக இருக்கிறதா என்று அவர்கள் அப்போது போய்ப் பார்க்கவில்லை. துப்பாக்கியோடு வந்த கேபிள் லாக் வீட்டில் பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது. 2024-ல் அம்மா, அப்பா இருவருக்கும் தனித்தனியே 10 முதல் 15 ஆண்டுவரை சிறைத்தண்டனை கிடைத்தது.

இதைப் படித்ததும் ‘நம் வீட்டுப் பிள்ளை அப்படி இல்லை’ என்று மனசு சொல்லும். சரிதான், பள்ளியில் சுடும் பிள்ளைகள் மிகச் சிலர். எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. இந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். ஊர் மாறி, பள்ளி மாறி, பேச்சு வழக்குக்காகக் கிண்டலுக்கு ஆளாகி, டிபன் பாக்ஸைத் திறக்கவே கூச்சப்பட்டு, இரவில் தூங்காமல் கிடக்கும் பிள்ளை நம் வீடுகளில்தான் இருக்கிறது. ‘வயசு அப்படி, போகப் போகச் சரியாயிடும்’ என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி வந்து போகும். உச்சத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். இலங்கைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1995 வாக்கில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக அது இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபின் அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. மக்களின் கவலை ஒன்றும் தீர்ந்துவிடவில்லை, கைக்கெட்டும் இடத்திலிருந்து மருந்து போனது.

ஆகவே பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, சாவைப் பற்றிப் பேசுகிறது, ஆசையாக வைத்திருந்த பொருள்களை எடுத்துக் கொடுக்கிறது என்றால் பூட்டோடு நிறுத்தாதீர்கள். அந்தக் காலம் கடக்கும்வரை துப்பாக்கி வீட்டைவிட்டே போகட்டும். சில துப்பாக்கிக் கடைகளும் சில காவல் நிலையங்களும் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்கின்றன, முன்னதாகப் போன் செய்து கேளுங்கள். எச்1பி-யில் இருக்கும் மச்சானிடம் கொடுத்து வைக்காதீர்கள், அவர் விசாவுக்கே ஆபத்து. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் பூட்டுங்கள். அப்புறம், பிள்ளையிடம் நேராகவே கேளுங்கள்: “சாகணும்னு தோணுதாம்மா?” கேட்டால் நாமே அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், கேட்பதால் அது வருவதில்லை. பள்ளிக் கவுன்சலரிடமும் பிள்ளையின் டாக்டரிடமும் சொல்லுங்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். பெற்றோரும் செய்யலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். இந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் 911.

கடைசியாக, அடுத்த வீடு. உங்களிடம் துப்பாக்கி இல்லாவிட்டாலும் உங்கள் பிள்ளை விளையாடவும், இரவு தங்கும் ஸ்லீப்ஓவருக்கும் போகும் வீட்டில் இருக்கலாம். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ‘வந்த இடத்தில் எதற்கு வம்பு’ என்று என் மனைவியே சொன்னாள். எங்கள் பையன் இரண்டாம் வகுப்பில் முதல்முறையாக ஒரு வீட்டுக்குப் போனபோது, அந்தப் பையனின் அம்மாவுக்கு மெசேஜ் அடித்து அடித்து அழித்தேன். கடைசியில் எல்லாவற்றையும் கலந்து அனுப்பினேன்: இவன் முட்டை சாப்பிட மாட்டான், நாய் என்றால் பயம், வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டியிருக்கிறதா, எத்தனை மணிக்கு வந்து கூட்டிப்போகட்டும்?

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. இருக்கிறது, கராஜில் சேஃபுக்குள், எண் எனக்கும் கணவருக்கும் மட்டும்தான் தெரியும், நாயைக் கட்டிவிடுகிறேன், ஐந்து மணிக்கு வாருங்கள். கீழே ஒரு வரி: அடுத்த வாரம் இவன் உங்கள் வீட்டுக்கு வருகிறானே, இவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, சமையலில் சேர்ப்பீர்களா? அந்த வாரம் எங்கள் வீட்டில் கடலைச் சட்னி கிடையாது.