எக்ஸூமா தீவுகளுக்குப் படகில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நீந்தும் பன்றிகளின் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு பஹாமாஸுக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் நம்மவர்களிலும் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். மயாமியிலிருந்து பஹாமாஸின் தலைநகரான நசாவுக்கு ஒரு மணி நேர விமானப் பயணம். அங்கிருந்து எக்ஸூமா தீவுகளுக்குக் கிளம்பும் விரைவுப் படகுகள் ஒரே நாளில் பன்றி, சுறா, இகுவானா என்ற பெரிய பல்லி, பவளப்பாறை என்று எல்லாவற்றையும் காட்டி மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுகின்றன. குழந்தைகள் துள்ளிக் குதிப்பார்கள். பெரியவர்களுக்கும் அந்தக் கடலின் நிறம் வாழ்நாள் முழுவதும் நினைவில் நிற்கும். இருந்தாலும், கொஞ்சம் விவரம் தெரிந்துகொள்ளாமல் போனால் இந்தப் பயணம் நமக்கும் துன்பம், அங்கே வாழும் உயிர்களுக்கும் துன்பம். நமக்கு நேரும் துன்பத்தைப் பற்றிப் படகு நிறுவனங்களே ஓரளவு எச்சரிக்கின்றன. விலங்குகளுக்கு நேர்வதைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. அதனால் அதற்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் தவறு, பணம் கட்டும்போதே நடந்துவிடுகிறது. "நீந்தும் பன்றிகள்" என்று விளம்பரத்தில் இருந்தால் போதும், எந்தத் தீவு என்று யாரும் கேட்பதில்லை. எக்ஸூமா என்பது ஒரு தீவு அல்ல. நசாவுக்குத் தென்கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் தொடங்கி, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாகக் கிடக்கும் நூற்றுக்கணக்கான சிறு தீவுகள். காணொளிகளில் பார்த்த பன்றிகள் இருப்பது அந்த வரிசையின் நடுவில், ஸ்டேனியல் கீ என்ற ஊருக்கு அருகிலுள்ள பிக் மேஜர் கீயில் (கீ என்றால் சிறு தீவு). நசாவிலிருந்து அங்கே போக விரைவுப் படகில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தத் தொலைவு கட்டுப்படியாகாது என்பதால், நசாவுக்குப் பக்கத்திலேயே உள்ள ரோஸ் தீவிலும், எக்ஸூமாவின் வட முனையிலுள்ள ஷிப் சேனல் கீயிலும் பின்னாளில் பன்றிகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். சின்னக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு அருகிலுள்ள தீவே நல்லது என்பேன். ஆனால் எங்கே போகிறோம், கடலில் எத்தனை மணி நேரம், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள். ஒரே நாளில் ஆறேழு இடம் என்று அடுக்குகிற திட்டத்தில், பெரும்பாலான நேரம் படகில்தான் கழியும்.

சொகுசுக் கப்பலில் வந்து நசாவில் சில மணி நேரம் இறங்குகிறவர்கள் ஸ்டேனியல் கீ பயணத்தை மறந்துவிடுவது நல்லது. படகு ஒரு மணி நேரம் தாமதமானாலும் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. விமானத்தில் வந்து தங்குகிறவர்கள், படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு ஒத்திவைக்காமல் முதல் ஓரிரு நாட்களிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் வட அமெரிக்காவிலிருந்து இறங்கும் குளிர்காற்று கடலைக் கொந்தளிக்க வைத்து இரண்டு மூன்று நாட்கள் படகுகளை நிறுத்திவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். பின்னால் நாள் கையில் இருந்தால் தள்ளிப்போடலாம், இல்லையென்றால் ஏமாற்றம்தான். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கையில் ஏதாவது எடுத்துப்போவது உத்தமம். மதிய உணவு என்பது பெரும்பாலும் மீனும் சங்குக் கறியும்தான்.

படகில்

படகின் முன்பக்கம் உட்கார்ந்தால் காட்சி நன்றாகத் தெரியும் என்று ஓடிப்போய் இடம் பிடிக்கிறார்கள். திறந்த கடலில் விரைவுப் படகு அலைமேல் ஏறி இறங்கும்போது முழு அடியும் விழுவது முன்பக்கத்தில்தான். படகு எழும்பி விழும் அந்த ஒரு நொடியில் முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. முதுகுவலி உள்ளவர்களும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் பின்பக்கமே உட்கார வேண்டும். கர்ப்பிணிகள் இந்தப் பயணத்துக்கே வரக் கூடாது. குமட்டலுக்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

பஹாமாஸில் சுற்றுலாப் படகுகள் மீதான கண்காணிப்பு போதாது என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயண அறிவுரையே சொல்கிறது. 2018 ஜூன் மாதக் கடைசியில் எக்ஸூமாவில் ஒரு சுற்றுலாப் படகு வெடித்து ஒரு பெண் இறந்தார், வேறு சிலர் படுகாயமடைந்தார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஏறும் முன் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, குழந்தையின் அளவுக்கு இருக்கிறதா, படகோட்டியிடம் ரேடியோ இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்ரோல் நெடி தூக்கலாக அடித்தால் ஏறாதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

தண்ணீரில்

ஸ்நார்க்கெலிங் என்றால் மிதந்துகொண்டே கீழே பார்ப்பது, அதற்கு நீச்சல் எதற்கு என்று நினைக்கிறவர்கள் நம்மில் ஏராளம். குளத்திலும் நீச்சல் குளத்திலும் இது ஓரளவு பொருந்தும். எக்ஸூமாவில் பொருந்தாது. காரணம் அந்தத் தீவுகளின் அமைப்பு. தீவு வரிசைக்குக் கிழக்கே எக்ஸூமா சவுண்ட் என்ற மிக ஆழமான கடல்; மேற்கே சில மீட்டர் ஆழமே உள்ள அகன்ற மணல்திட்டு. ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும்போதும் வடியும்போதும் இந்த இரண்டுக்கும் இடையே போய்வரும் தண்ணீர் முழுவதும் தீவுகளுக்கு நடுவிலுள்ள குறுகிய கால்வாய்கள் வழியாகத்தான் பாய வேண்டும். மேலே கண்ணாடி போல அமைதியாகத் தெரியும் நீருக்குள் ஆற்றைப் போல இழுப்பு இருக்கும். மீனைப் பார்த்துக்கொண்டே மிதந்தவர் தலையைத் தூக்கும்போது படகு எங்கோ தள்ளித் தெரியும். பதறிப்போய் இழுப்பை எதிர்த்து நீந்துவதுதான் ஆபத்து. வாயில் கவ்வியிருக்கும் ஸ்நார்க்கெல் குழாய் வழியாக மூச்சிரைக்க முடியாது. சில நிமிடங்களில் தெம்பு தீர்ந்துவிடும். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, படகு வரும்வரை காத்திருங்கள். லைஃப் ஜாக்கெட் இருந்தால் இதை நீச்சல் தெரியாதவரும் செய்யலாம். அதைக் கழற்றினால்தான் படம் அழகாக வரும் என்று யார் சொன்னாலும் கழற்றாதீர்கள்.

ஸ்டேனியல் கீக்கு எதிரே உள்ள தண்டர்பால் குகைக்கும் இதே கணக்குத்தான். 1965இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படத்தின் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டதால் வந்த பெயர் அது. கூரையிலுள்ள துளைகள் வழியே வெயில் கம்பி கம்பியாக நீரில் இறங்கும்; அதற்குள் மீன் கூட்டம் திரும்பும் காட்சியைச் சொல்லி மாளாது. ஓதம் வடிந்து இழுப்பு அடங்கியிருக்கும் சிறிது நேரத்தில் மட்டுமே சாதாரண ஆட்கள் அங்கே போக வேண்டும். அப்போது வாசலில் தலையை நீருக்கு மேலே வைத்துக்கொண்டே நுழையலாம். ஓதம் ஏறிவிட்டால் வாசல் மூழ்கிவிடும், உள்ளே இழுப்பும் கூடிவிடும். இந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஆகவே நேற்று போனவர் பதினோரு மணிக்குப் பார்த்தார் என்பது உங்களுக்கு உதவாது. படகோட்டியிடம் இன்றைய ஓதம் எப்போது என்று கேளுங்கள். அவர் குகைக்குள் வேண்டாம் என்றால் பேரம் பேசாதீர்கள்.

நீருக்குள் பார்க்க முகத்தில் மாட்டும் மாஸ்க் விஷயத்தில் ஒரு சின்னச் சோதனை போதும். வாரைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்து, கையை எடுத்துப் பாருங்கள். கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்களுக்கான மாஸ்க். விழுந்தால் வேறு கேளுங்கள். வாரை இறுக்கி இறுக்கி மாட்டினால் நெற்றியில் தழும்புதான் மிஞ்சும், தண்ணீர் நிற்காது. நெற்றி முடி ஒன்று உள்ளே சிக்கினாலும் கசியும். அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்குக் கசிவு தவிர்க்க முடியாதது. கசிந்தால் பதற வேண்டாம். தலையைச் சற்று மேலே தூக்கி, மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். கண்ணாடி அணிகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க்கை ஊரிலேயே வாங்கிப் போவது நல்லது. இத்தனை தூரம் போய் நீலமும் பச்சையுமாக ஒரு கலங்கலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது பரிதாபம்.

பருத்திச் சுடிதார், துப்பட்டா, தொளதொள டீ சட்டை ஆகியவற்றோடு கடலில் இறங்காதீர்கள். நனைந்த பருத்தி கனக்கும், காலில் சுற்றும். உடலை மூடிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு உடலோடு ஒட்டிய முழுக்கை நீச்சல் உடை எல்லா ஊரிலும் கிடைக்கிறது. வெயிலுக்கும் அதுவே நல்ல காப்பு; சன்ஸ்கிரீன் கரைந்து பவளப்பாறையில் போய்ப் படிவதும் குறையும். பாறைமேல் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கால் வைக்காதீர்கள். அது கல் அல்ல, உயிர். ஆண்டுக்கு மில்லிமீட்டர் கணக்கில் வளரும் இனங்களை ஒரு மிதி உடைத்துவிடும்.

விலங்குகளோடு

பிக் மேஜர் கீ பன்றிகள் அங்கே எப்படி வந்தன என்பதற்குக் கதைகள் பல. ஒன்று மட்டும் உறுதி: மனிதர்கள் வழியாக வந்து சேர்ந்தவை. படகைப் பார்த்ததும் அவை நீந்தி வருவது நம்மைப் பார்க்க அல்ல, தீனிக்காக. 2017 பிப்ரவரியில் அங்கே பல பன்றிகள் செத்துக் கிடந்தன. யாரோ ரம்மும் பீரும் ஊற்றிக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி பரவியது. பிறகு பரிசோதனையில் வயிற்றில் மணல் இருந்தது தெரியவந்தது. வருகிறவர்கள் கரையில் நின்று தீனியை மணலில் வீசியிருக்கிறார்கள். பன்றிகள் மணலையும் சேர்த்து விழுங்கியிருக்கின்றன. அன்பாகத்தான் போட்டிருப்பார்கள். அதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது.

ஆகவே பிரெட், பிஸ்கட், சிப்ஸ் என்று எதையும் பையில் எடுத்துப்போக வேண்டாம். படகோட்டி தீனி கொடுத்தால் அவரே கொடுக்கட்டும், அதுவும் தண்ணீரில். கையில் ஒன்றும் இல்லாதபோது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுங்கள். பன்றிக்கு அது புரியும், விலகிப் போய்விடும். கையைப் பின்னால் ஒளித்தால், ஏதோ இருக்கிறது என்று பின்னாலேயே வந்து கடிக்கும். தாய்ப்பன்றி பக்கத்தில் இருக்கும்போது குட்டியைத் தூக்காதீர்கள். நூறு கிலோவைத் தாண்டும் மிருகம் அது. குழந்தையை அதன் முன்னால் நிறுத்திப் படமெடுக்க வேண்டாம்.

இகுவானாக்களின் நிலைமை இன்னும் கவலை தருவது. ஆலன்ஸ் கீ பக்கத்தில் படகை நிறுத்தியதும் புதரிலிருந்து பத்து இருபது என்று கரைக்கு ஓடிவரும் அந்தப் பாறை இகுவானாக்கள் பஹாமாஸைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இலை, பூ, காய் என்று தின்று வாழ்ந்த உயிர்கள். படகுகள் கொண்டுவரும் திராட்சைக்கு இப்போது பழகிவிட்டன. குச்சியில் குத்தி நீட்டுவதற்குப் பயணிகளுக்கும் கொடுக்கிறார்கள். தீனி கிடைக்கும் தீவுகளிலுள்ளவற்றையும் மனிதர் போகாத தீவுகளிலுள்ளவற்றையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். குளுக்கோஸ் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. திராட்சை தின்று பழகியவற்றுக்கு ரத்தச் சர்க்கரை அதிகமாக ஏறியது, இறங்கவும் வெகுநேரம் பிடித்தது. நம் வீடுகளில் சர்க்கரை நோய் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாம் நீட்டும் நான்கு திராட்சை ஒன்றுமில்லைதான். ஆனால் தினமும் படகு படகாக ஆட்கள் வந்து ஆளுக்கு நான்கு நீட்டுகிறார்கள். குச்சி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கரையோரம் அசையாமல் நின்று பாருங்கள். ஆணொன்று தலையை மேலும் கீழும் ஆட்டி இன்னொன்றை விரட்டுவதைத் தீனி இல்லாமலே பார்க்கலாம்.

காம்பஸ் கீயில் நர்ஸ் சுறாக்கள் படகுத்துறைக்கு அடியிலேயே கிடக்கின்றன. மீன் கழிவுக்காக வந்து பழகியவை. "பல் இல்லாத சுறா, ஒன்றும் செய்யாது" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். சிறிய பற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. இரையை உறிஞ்சி இழுத்துக் கவ்வும் வாய் அது, கவ்வினால் எளிதில் விடாது. 2018இல் ஸ்டேனியல் கீ அருகே சுறாக்களுக்கு நடுவில் மல்லாந்து மிதந்து படமெடுத்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணின் மணிக்கட்டைக் கவ்வி நீருக்குள் இழுத்தது ஒரு நர்ஸ் சுறா. அவர் உயிர் பிழைத்தார். விரலை விரித்து நீருக்குள் அளையும்போது அதற்கு அது மீன் துண்டாகத் தெரியலாம். கையை மடக்கி உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். வாலைப் பிடிப்பது, முதுகில் தொங்குவது ஒருபோதும் வேண்டாம். துறையில் யாராவது மீன் வெட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் நீரில் இறங்கவே கூடாது. அந்த வாசனைக்கு வருவது நர்ஸ் சுறா மட்டுமல்ல. பஹாமாஸ் 2011இல் தன் கடல் முழுவதிலும் வணிகச் சுறா மீன்பிடிப்பைத் தடை செய்த நாடு. அங்கே அவை அச்சமின்றித் திரிகின்றன. அந்த நாட்டை நான் மதிப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

நட்சத்திர மீனைப் படத்துக்காகத் தண்ணீரிலிருந்து தூக்குவதும் வழக்கமாகிவிட்டது. அது மூச்சு விடுவது நீரில்தான். குனிந்து, நீருக்குள்ளேயே பார்க்கலாம், படமும் எடுக்கலாம். சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். தீவு வரிசையின் நடுவில் 1958 முதல் இருக்கும் எக்ஸூமா கடல் பூங்காவுக்குள் மீன் பிடிப்பதும், கரையில் கிடக்கும் வெறும் சங்கை எடுப்பதும் தடை செய்யப்பட்டவை. உங்கள் படகு பூங்காவுக்குள் எந்த இடத்தில் நுழைகிறது என்பதைக் கிளம்பும்போதே படகோட்டியிடம் கேட்டு, குழந்தைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.